எத்தனை மணி

சிக்ரூன் தோர்லாக்சனின் பறத்தல் ஏட்டில்
இருநூற்றுப் பதினான்கு மணி நேரம்.
பாதிக்கு மேல் கோடையில்
வினிப்பெக் ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தது.
கொஞ்சம் இரவு. கொஞ்சம் மேகம்.
பயந்த நேரம் தனியாக இருக்கிறது,
அதை எழுத ஏட்டில் கட்டம் இல்லை.

எத்தனை மணி, என்றார்கள் போன இடமெல்லாம்.
சொன்னாள்.
ஆயிரம் ஆனதும் வா.
ஆயிரத்து ஐந்நூறு ஆனதும் வா.
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்,
கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே,
அந்தக் கதைதான்.
வங்கிக் கடனுக்கு மட்டும் அனுபவம் போதாமல் இல்லை;
ஒன்றாம் தேதி தவறாமல்
மூடுபனியிலும் தரையிறங்கியது.

நாற்பத்தொரு கடிதங்களுக்குப் பதில் வராத பிறகு
காரில் எட்டு மணி நேரம் வடக்கே போனாள், தாம்சனுக்கு.
(அந்த எட்டு கணக்கில் சேராது.)
தலைமை விமானி மார்செல் கூர்ஷேன்
ஏட்டைத் திறக்கவே இல்லை.
"ஐம்பது கிலோ தூக்குவாயா?"
தூக்குவேன் என்றாள்.
நேர்காணல் முடிந்தது.

நவம்பரிலிருந்து மூட்டை தூக்குகிறாள்.
மைனஸ் முப்பத்தெட்டில்
இமையும் இமையும் ஒட்டிக்கொள்ளும்.
டயாப்பர், பெப்சி, டயாலிசிஸ் திரவம்,
யாரோ ஒரு குழந்தைக்கு டிராம்பொலின்,
ஒருமுறை, போர்வை சுற்றிய சவப்பெட்டி;
அன்று எல்லோரும் கையுறையைக் கழற்றிவிட்டுத் தூக்கினார்கள்,
யாரும் சொல்லாமலே.
இறக்கையில் உறைந்ததைத் துடைப்பாள்.
எஞ்சினுக்குப் போர்வை போர்த்துவாள்.
விமானம் ஓடுபாதையைத் தின்று எழும்போது
விரல்கள் தாமாக மடங்கி
இல்லாத ஒன்றைப் பின்னுக்கு இழுக்கும்.

வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரே ஆள், தரஸ் ஹ்ரெச்சுக்.
இருநூற்று அறுபத்தொரு மணி.
இரண்டாவது பனிக்காலம்.
மதியச் சூப்பில் பாதியை
அவள் மூடியில் ஊற்றித் தருபவன்.
பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
பிராண்டனில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை கிடைத்தது என்றான்.
சூடாக இருக்குமாம் அங்கே.
அவளுக்குள் ஏதோ துள்ளியது.
துள்ளியதை அவன் பார்த்துவிட்டான்.
"பரவாயில்லை," என்றான், "எனக்கும் அப்படித்தான் இருந்தது
போன வருஷம், எனக்கு முன்னால் இருந்தவன் போனபோது."
அன்று சூப் தொண்டையில் இறங்கவில்லை.

திங்கட்கிழமை பாடம் தொடங்குகிறது என்று
கூர்ஷேன் கதவிடுக்கில் தலையை நீட்டிச் சொன்னார்,
பால் தீர்ந்துவிட்டது என்பதைப் போல.

பாடம், பரீட்சை, ஆறு மணி நேரப் பயிற்சி.
பிறகு மார்ச்சில், இருட்டு பிரியாத ஒரு காலையில்,
பழக்கதோஷம், சரக்கைத் தானே ஏற்றினாள்.
ஏற்றிய மூட்டைகள் மேலேயே ஊர்ந்துபோய்
வலதுபக்க இருக்கையில் விழுந்தாள்.
எழும்பும்போது கைப்பிடியில் வந்த கனம்
அவளுக்குத் தெரிந்த கனம்:
வாலருகே நாலு மூட்டை உருளைக்கிழங்கு,
நடுவில் மாவு,
மூன்றாம் வரிசையில் பல் வலிக்காரர் ஒருவர்,
மடியில் தொப்பி.
கீழே முள்ளு முள்ளாய் ஸ்புரூஸ் மரங்கள்,
பிறகு ஏரி, பிறகு ஏரி,
பிறகு பெயர் வைக்க ஆளில்லாத ஏரிகள்.

ரேடியோ கரகரத்தது.
ஓடுபாதைக் கொட்டகையிலிருந்து ஜெமிமா ஹார்ப்பர்,
வாயில் எதையோ மென்றுகொண்டே:
"எத்தனை மணி?"

சிக்ரூனின் நாக்கு வழக்கம்போலக்
கூச்சத்தோடு எண்ணத் தொடங்கியது,
இருநூற்று இருபது, அப்புறம் இன்று ஒரு...

"எத்தனை மணிக்கு வருவீங்க?
வண்டியைச் சூடு பண்ணணும்."

கூர்ஷேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
பத்து நாற்பது, என்றாள்.